சுராச்சே வீட்டு வாசல்

அசுந்தா சுராச்சே முப்பது வருடமாகப் பெத்ரானா நகராட்சியில் நில அளவையாளர். ஒரு சாண் நிலம் அப்படி இப்படிப் போனாலும் விடமாட்டாள். சொந்தச் சித்தப்பா மகன் தெருவுக்கு மேலே நாலு விரற்கடை நீட்டிக் கட்டிய பால்கனியை இடிக்க வைத்தவள். அவன் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை, அவள் அதற்கும் அசரவில்லை. அப்படிப்பட்டவள் ஒரு பழைய பதிவேட்டில் ரெண்டே ரெண்டு வரியைப் படித்துவிட்டு, அலுவலகக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்தாள் என்றால் விஷயம் லேசுப்பட்டதில்லை.

விஷயம் மேலூரைப் பற்றியது. பெத்ரானா என்பது ஒரு ஊர் இல்லை, ரெண்டு ஊர். இப்போது குடியிருப்பது கீழூர். மலையுச்சியில் இருப்பது மேலூர். 1783 பிப்ரவரி ஐந்தாம் தேதி, நடுப்பகலில், வீடுகளில் உலை கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் பூமி ஆடி மேலூரைத் தரைமட்டமாக்கியது. பிழைத்தவர்கள் கீழே இறங்கிவந்து புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் எங்கள் ஆட்களுக்கு எதையும் முழுசாக விட்டுத்தொலைக்கத் தெரியாது. ஆகஸ்ட் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, புனித வெனேராவின் சுரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாண்டு வாத்தியம் முழங்க, அவளுடைய பழைய வீட்டை அவளுக்குக் காட்டிவர மேலூருக்கு ஏறுவோம். கூரையில்லாத கோவிலில் பூசை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் தன் பழைய வீடு இருந்த இடத்துக்குப் போய், மேசை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்துச் சாப்பிட உட்காரும். வீடு என்றால் என்ன, பாதிச் சுவர், எங்கும் போகாத நாலு படி, அத்திமரம் முளைத்த ஒரு மூலை. "எங்க அடுக்களையில செருப்புக் காலோட நடக்காதே" என்று சண்டை வேறு போடுவார்கள். எந்த இடம் யாருடையது என்பதற்குப் பத்திரம் எதுவும் கிடையாது. அப்பன் உட்கார்ந்த இடத்தில் பிள்ளை உட்காருவான், அவ்வளவுதான்.

மேலூரில் மணிக்கூண்டு இருக்கிறது, மணி இல்லை. இளவரசர் அரண்மனையில் மிச்சமிருப்பது குதிரை லாயம் மட்டும். அதனால் இளவரசர் குடும்பத்தின் மேல் எங்களுக்குப் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை. எல்லாவற்றிலும் பேர்போனது சுராச்சே வீட்டு வாசல். பின்னால் வீடு கிடையாது, பக்கத்தில் சுவர் கிடையாது, வானத்தைப் பார்த்துக்கொண்டு கல்வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. நிலைக்கு மேலே சூரியன் செதுக்கியிருக்கிறது, அதற்கு மனுஷ முகம், பெரிய மூக்கு. ஊரின் தபால் அட்டைகளில் எல்லாம் அந்த வாசல்தான்.

அசுந்தாவின் அப்பா கோசிமோவுக்கு எண்பத்து மூன்று வயது. நாலு வருடத்துக்கு முன்னால் மனைவி போனபிறகு அவருக்கு அந்த வாசல்தான் எல்லாம். சனிக்கிழமை காலையில் அசுந்தா காரில் கொண்டுபோய் விடவேண்டும். அரிவாளால் புல்லைச் செதுக்குவார், வாசற்படியைப் பெருக்குவார், ஈரத்துணியால் கல்லைத் துடைப்பார். யாராவது வெளியூர்க்காரர் படமெடுக்க வந்தால் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். "மூக்கைப் பாருங்க. எங்க வீட்டு மூக்கு. கல்லுல கூட விடல நாங்க" என்பார். வந்தவர்கள் அவர் மூக்கையும் சூரியனின் மூக்கையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். அவருடைய மூக்கு சின்ன மூக்கு.

அந்த வருடம் நகராட்சிக்கு ஒரு யோசனை வந்தது. மேலூரின் முக்கியமான இடங்கள் பன்னிரண்டுக்கும் பெயர் எழுதிய பீங்கான் ஓடு பதிப்பது, திருவிழா அன்று திறப்பது. எந்த வீடு யாருடையது என்று உறுதிசெய்யும் வேலை அசுந்தாவிடம் வந்தது. வாசலுக்கான பெயர் ஓட்டைத் திறந்துவைக்கப் போகிறவர் கோசிமோ. அதற்காக ஜூன் மாதமே சாம்பல் நிறத்தில் புதுக் கால்சட்டை தைத்து வைத்துவிட்டார்.

அசுந்தா எதையும் ஆதாரமில்லாமல் எழுதமாட்டாள். மறைமாவட்ட ஆவணக்கூடத்துக்கு எழுதிப்போட்டாள். அவர்கள் ஒரு புத்தகத்தின் படங்களை அனுப்பினார்கள். 1782 ஈஸ்டருக்கு முன்னால் மேலூரின் பங்குச் சாமியார் வீடுவீடாக ஏறி இறங்கி, எந்த வீட்டில் யார் யார், என்ன வயது என்று எழுதிய ஆத்துமப் புத்தகம். நல்ல மனுஷன், ஒவ்வொரு வீட்டுக்கும் அடையாளமும் எழுதியிருந்தார். கோவிலிலிருந்து புறப்பட்டு, மணிக்கூண்டு தாண்டி, லாயம் தாண்டி அவரோடு கூடவே நடந்துபோன அசுந்தா பதினேழாவது வீட்டில் நின்றுவிட்டாள்.

"வாசலில் சூரியன் உள்ள வீடு. லகனா குடும்பம், ஆறு ஆத்துமம்." அதற்கு எதிர்ப்பக்கம்: "ரொட்டி அடுப்பு உள்ள வீடு. சுராச்சே குடும்பம், எட்டு ஆத்துமம்."

லகனா. போயும் போயும் லகனா. மேலூரில் வாசலுக்கு எதிரே, இடிந்த ரொட்டி அடுப்போரம், நெருஞ்சி முள்ளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பம் அது. கோசிமோவுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. அடுப்பை மூட்டினால் புகை வருகிறது என்பார், அவர்கள் நாய் தன்னைப் பார்த்துக் குரைக்கிறது என்பார், பாண்டுக்காரர்கள் அந்தப் பக்கம் ஒரு பாட்டு கூடுதலாக வாசித்துவிட்டார்கள் என்று ஒரு வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு நிக்கோதேமோ ஊர்ப் பேருந்தை முப்பத்தைந்து வருடம் ஓட்டியவர். அத்தனை வருடமும் கோசிமோ பேருந்தில் ஏறும்போது காலை வணக்கத்தை இன்ஜினுக்குச் சொல்லிவிட்டுப் போய் உட்காருவாரே தவிர, ஓட்டுநர் முகத்தைப் பார்த்ததில்லை.

அசுந்தா புத்தகத்தை இன்னும் ரெண்டு தடவை படித்தாள், சாமியார் நடந்த வரிசையை வரைபடத்தில் வைத்து அளந்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அப்போதுதான் நிக்கோதேமோவின் மூக்கு அவள் ஞாபகத்துக்கு வந்தது. அடப்பாவமே என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா கண்ணாடி முன்னால் புதுக் கால்சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீளம் சரியா இருக்கா பாரு. குனிஞ்சு துணிய இழுக்கும்போது கணுக்கால் தெரியக்கூடாது."

"சரியாத்தான் இருக்குப்பா."

"உன் தம்பி புரூனோ டூரின்லேருந்து லீவு போட்டு வர்றேன்னு சொன்னான். உங்கம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா தெரியுமா? அந்த வாசல்லதான் என்னை முதல்ல பாத்ததா ஊருக்கே மறுபடியும் சொல்லியிருப்பா. எதிர்ல உக்காந்திருக்கற பஸ்காரன் மூஞ்சி அன்னிக்குப் போற போக்கைப் பாக்கணும்."

அசுந்தா பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஓட்டில் உண்மையை எழுதினால் ஊர்முன்னால் இந்த மனுஷன் துணியை இழுத்து லகனா என்ற பெயரைப் படிப்பார். எழுதாவிட்டால், நாலு விரற்கடைக்காக உறவை அறுத்துக்கொண்டவள், தன் வீட்டுக்கு என்று வந்ததும் ஒரு வீட்டையே விழுங்கினவள் ஆவாள். ரெண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு நிக்கோதேமோ வீட்டு மொட்டைமாடிக்குப் போனாள். இடத்தின் சொந்தக்காரருக்கு முதலில் தெரியவேண்டும், அப்புறம்தான் மற்றவர்களுக்கு. அது அவளுடைய தொழில் தர்மம்.

மாடியில் நிக்கோதேமோ மிளகாயைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மெலினா வெயிலில் காயப்போட்ட கத்தரிக்காய்த் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சுராச்சே வீட்டு ஆள் ஒருத்தி அந்தப் படியேறி வந்தது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா, எங்க மாடி ஏதும் தெருவுல நீட்டிக்கிட்டு இருக்கா?" என்றார் நிக்கோதேமோ.

"இல்லண்ணே. இந்தத் தடவை நீட்டியிருக்கறது நாங்க."

காகிதத்தைக் கொடுத்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு மெலினாவிடம் நீட்டினார்.

"பாரு, இந்தச் சாமியார் எழுதியே வெச்சிருக்காரு."

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா அண்ணே?"

"தெரியாம என்ன. எங்க வீட்டு மூத்த பையனுக்குக் கல்யாணத்தன்னிக்கு அப்பன் காதுல சொல்லுவான். எனக்கு எங்கப்பா சொன்னாரு, நான் எம் பையனுக்குச் சொன்னேன். இவளுக்கும் சொன்னேன்."

"சொல்லலேன்னா விட்டிருப்பனா? அத்தனை பேரும் நிழல்ல உக்காந்து திங்கறான், நாம மட்டும் ஏன் முள்ளுல உக்காரணும்னு முதல் வருஷமே கேட்டேன்" என்றாள் மெலினா.

நிக்கோதேமோ மிளகாய்க் கயிற்றைக் கீழே வைத்தார்.

"உங்க வீட்டுல எட்டுப் பேரு. அதுல ஒரு சின்னப் பையன், ஆறு வயசு இருக்கும். அன்னிக்கு மத்தியானம் எங்க வீட்டுல இரவல் வாங்கின சல்லடையத் திருப்பிக் குடுக்க அவனை அனுப்பியிருக்காங்க. பையன் எங்க வாசப்படியில கால வைக்கறான், பூமி ஆடுது. வாசல் மட்டும் விழாம நின்னுச்சு. எதிர்ல அவன் வீடு, அவன் கண்ணு முன்னாலயே, அடுப்பு மட்டும் மிச்சம். ஏழு பேரும் உள்ள. பையன் அந்த வாசக்கல்ல ரெண்டு கையாலயும் புடிச்சவன்தான், ராத்திரி வரைக்கும் யாராலயும் பிரிக்க முடியலயாம்."

அசுந்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சல்லடை கொடுக்கப்போன பையன் பிழைத்திராவிட்டால் அவளும் இல்லை, அப்பாவும் இல்லை.

"எங்காளுங்கதான் அவனைக் கீழ கொண்டாந்து வளத்தாங்க. மூணு வருஷம் கழிச்சு சாமியத் தூக்கிக்கிட்டு முதல் தடவையா எல்லாரும் மேல போனாங்க. அவங்கவங்க அவங்கவங்க இடத்துல உக்காந்தாங்க. பையன் அடுப்புப் பக்கம் திரும்பியே பாக்கல. நேரா வந்து எங்க வாசல்ல உக்காந்துட்டான். எழுப்பினா அழுவறான். சரி, இது உன்னுது, வெச்சிக்கன்னு சொல்லிட்டு எங்காளுங்க எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிட்டாங்க."

"வேற எங்கயாவது போயிருக்கலாமே அண்ணே. ஏன் அடுப்புக்கிட்ட?"

"செத்தவங்க தனியா இருப்பாங்கல்ல."

அவர் அதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். அசுந்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க முயற்சி பண்ணவில்லை. மெலினா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள்.

"பையன் பெரியவனாகி, கட்டிக்கிட்டு, தனி வீடு போனான். அவன் புள்ளைங்களுக்கு எதுவும் சொல்லல போல. நாமளும் சொல்ல வேணாம், சொன்னா கடன்பட்ட மாதிரி தலைகுனிவாங்கன்னு எங்காளுங்க விட்டுட்டாங்க. குடுத்ததைச் சொல்லிக்காட்டுற பழக்கம் எங்க வீட்டுல இல்ல."

"எங்கப்பா உங்ககிட்ட போடற சண்டையெல்லாம்?"

"சண்டை அவரு போடறது. நான் ஒரு தடவையாவது பதில் சொல்லியிருக்கனா?"

"பதில் சொல்லல. அவரு நின்னுக்கிட்டு இருக்கறப்ப பஸ்ஸ சடன் பிரேக் போட்ட" என்றாள் மெலினா.

"அது ஒரே ஒரு தடவை."

அசுந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தாள். "முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பொய் எழுதினதில்ல அண்ணே. ஓட்டுல என்ன எழுதறது?"

"யாரு உன்னைப் பொய் எழுதச் சொன்னா? இருபது வருஷம் யாரும் தடுக்காம அனுபவிச்சா இடம் அவனுக்குச் சொந்தம்னு சட்டம் சொல்லுதுல்ல? நீயே பஸ் ஷெட் தகராறுல வந்து சொன்ன. இது இருநூத்தி நாப்பது வருஷம் ஆச்சு. சுராச்சே வாசல்னே எழுது. அடுப்புல லகனான்னு போடு. எங்களுக்கும் அந்த இடம் பழகிடுச்சு."

சட்டப்படி அவர் சொன்னது சரிதான். அசுந்தா யோசித்து யோசித்துப் பார்த்தும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. கிளம்பும்போது நிக்கோதேமோ மாடிப்படி வரை கூட வந்தார். ஏதோ கேட்க நினைத்து, கேட்கத் தயங்கி, கடைசியில் கேட்டார்.

"அந்தப் புத்தகத்துல அவங்க பேரெல்லாம் இருக்குமா?"

"இருக்குண்ணே. பேரு, வயசு எல்லாம்."

"ஒவ்வொரு வருஷமும் ஏழு தட்டு தனியா வெச்சி, நாங்க சாப்பிடறதுக்கு முன்னால அவங்களுக்குப் பரிமாறுவோம். பேரு தெரியாததால 'ஏழு பேரும் வாங்க'ன்னு கூப்பிடறது. வீட்டுக்கு வந்தவங்களைத் தலைய எண்ணிக் கூப்பிடற மாதிரி இருக்கு, ஒவ்வொரு வருஷமும் எனக்கு வெக்கமா இருக்கும்மா. இந்த வருஷம் நீ ஒரு தடவை வந்து படிச்சிட்டுப் போறியா?"

திருவிழா அன்று நல்ல வெயில். புனித வெனேரா வியர்த்து வழியும் தோள்களில் ஏறி மேலூருக்கு வந்தாள். பூசை முடிந்தது. நகரத் தலைவர் தேவைக்கு மேல் பேசினார். கோசிமோ புதுக் கால்சட்டையில் கணுக்கால் தெரியாமல் குனிந்து துணியை இழுத்தார். நீல எழுத்தில் சுராச்சே வாசல் என்று இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எதிரே நிக்கோதேமோவும் தட்டினார். கோசிமோ அதைப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய், முறைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு குடும்பங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தன. வாசலுக்கு உள்ளே புரூனோவும் அவன் பிள்ளைகளும் கோசிமோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அசுந்தா அவருக்குத் திராட்சை ரசம் ஊற்றிவிட்டு, "இதோ வந்துடறேன்பா" என்று சொல்லித் தெருவைக் கடந்தாள். தெரு என்பது பத்தடி புல்.

லகனா குடும்பம் அடுப்போரம் நின்றுகொண்டிருந்தது. நீளமான மேசையின் ஒரு பக்கத்தில் ஏழு தட்டுகள் இருந்தன. மெலினா பாஸ்தாப் பாத்திரத்தைக் கையில் பிடித்திருந்தாள். அசுந்தா காகிதத்தைப் பிரித்து, சாமியார் எழுதியபடி குடும்பத் தலைவர் பெயரிலிருந்து ஆரம்பிக்க வாயெடுத்தாள்.

"சின்னதுலேருந்து படி அசுந்தா. சின்னதுங்க பசி தாங்காது" என்றாள் மெலினா.

அசுந்தா கடைசி வரிக்குப் போனாள். "ரோசா. பிறந்து மூணு மாசம்."

"ரோசா, வாம்மா" என்றார் நிக்கோதேமோ. மெலினா முதல் தட்டில் ஒரு சின்னக் கரண்டி போட்டாள்.

"புரூனோ. மூணு வயசு."

"புரூனோ, வாப்பா."

அடுத்த வரியில் இருந்த, பிழைத்த பையனைத் தாண்டிப் போனாள். "கத்தரீனா. ஒம்பது வயசு. தொமேனிக்கோ. பன்னெண்டு வயசு."

ஒவ்வொரு பெயருக்கும் நிக்கோதேமோ வீட்டுக்கு வந்தவரை வரவேற்பதுபோலத் தலையசைத்தார். அவர் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள். தாய் வித்தோரியா, முப்பத்து மூன்று வயது. அப்புறம் கிழவி, அறுபத்தொன்று. கிழவியின் பெயர் அசுந்தா. எங்கள் ஊரில் பெயர்கள் அப்படித்தான், பாட்டன் பெயர் பேரனுக்கு, பாட்டி பெயர் பேத்திக்கு. யாருடையது என்று மறந்துபோன பிறகும் பெயர் மட்டும் வீட்டைவிட்டுப் போகாது.

"அசுந்தா, வாங்கம்மா" என்றார் நிக்கோதேமோ.

இன்னும் ஒரு தட்டுதான் மிச்சம். அசுந்தா நினைத்ததைவிடச் சத்தமாகவே படித்துவிட்டாள்.

"கோசிமோ சுராச்சே."

"என்ன?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "யாரு என்னைக் கூப்பிட்டது?"

வாசலில் கோசிமோ எழுந்து நின்று, நெற்றிக்குக் கைவைத்து இந்தப் பக்கம் பார்த்தார். பதில் சொன்னது நிக்கோதேமோ.

"நாங்கதான் கூப்பிட்டோம் கோசிமோ அண்ணே. சாப்பாடு ஆறுது. வாங்க."

புரூனோ ஏதோ சொல்ல, கோசிமோ அவனைக் கையால் அடக்கினார். பிறகு தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, வாசலைத் தாண்டி, பத்தடி புல்லையும் தாண்டி வந்தார்.

"இந்தப் புகையில மனுஷன் உக்காருவானா" என்றார். "பேரு பேரா என்னத்தப் படிச்சிக்கிட்டு இருந்த நீ?"

"நம்ம ஆளுங்க பேருப்பா."

"நம்ம ஆளுங்க பேர இவன் வீட்டுல வந்தா படிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர் போட்ட இடத்தில் கடைசித் தட்டு காலியாக இருந்தது. மெலினா புருஷன் முகத்தைப் பார்த்தாள். நிக்கோதேமோ தலையை ஆட்டினார். அவள் அந்தத் தட்டில் பாஸ்தாவை நிறையப் போட்டாள்.

கோசிமோ ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். காரம் பத்தாது என்றார். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.